பதிவறையும் பதில் பொறியும்

சேமித்து வைத்த ஆவணங்களிலிருந்து கேள்விகளுக்கு விடை சொல்ல மொழி மாதிரிகளைப் பயன்படுத்துவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் இன்று இதைத்தான் விரும்பிக் கேட்கின்றன. எங்களிடம் சுற்றறிக்கைகளும் ஆணைகளும் விதிகளும் மலைபோல் குவிந்திருக்கின்றன, யாராவது ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்தால் ஒரு பொறி அவற்றைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். விற்பவர்கள் மாதிரியின் கூர்மையைப் பற்றியே பேசுகிறார்கள். வாங்குபவர்களும் அதையே விசாரிக்கிறார்கள். என் வாதம் வேறு. பதிலை எழுதுவது மாதிரிதான். ஆனால் அந்தப் பதில் சரியாக அமையுமா என்பதில் பெரும்பங்கு அதற்கு முன்பே பதிவறையில் முடிவாகிவிடுகிறது. எந்தத் தாள் நடப்பில் இருக்கிறது, எது ரத்தானது, எது எதைத் திருத்தியது என்று குறித்து வைக்காத தொகுப்பின்மேல் எவ்வளவு வல்லமையுள்ள மாதிரியை ஏற்றினாலும், அது பிழையைச் சரளமாகச் சொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இயந்திரத்திடம் கேட்டு விடை பெறும் ஆசை புதிதல்ல. 1961இல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடத்திலிருந்து ‘பேஸ்பால்’ என்றொரு நிரல் வந்தது. அமெரிக்கன் லீக் பந்தயங்களின் ஒரு பருவத்து விவரங்கள் அதில் இருந்தன: மாதம், நாள், இடம், ஆடிய அணிகள், எடுத்த புள்ளிகள். துளையட்டையில் எளிய ஆங்கில வாக்கியமாகக் கேள்வியை இட்டால் விடை வரும். பத்தாண்டு கழித்து, 1971 ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்த சந்திர அறிவியல் மாநாட்டில் வில்லியம் வுட்ஸ் ‘லூனார்’ என்ற அமைப்பைக் காட்டினார். நிலவிலிருந்து வந்த பாறைகளின் வேதியியல் பகுப்பாய்வு அதன் சேமிப்பு. நிலவியலாளர்கள் தங்கள் போக்கில் கேட்ட கேள்விகளில் 78 விழுக்காட்டுக்கு விடை கிடைத்தது. சில்லறைத் தவறுகளைத் திருத்தியிருந்தால் அது 90ஐத் தொட்டிருக்கும் என்று கணக்கிட்டார்கள். இவற்றின் பலவீனம் மொழியில் இருந்தது, பலம் சேமிப்பில் இருந்தது. எந்தப் பாறை, எந்தக் கனிமம், எந்தத் தனிமம், எவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கேள்வி புரியாவிட்டால் நிரல் நின்றுவிடும், இட்டுக்கட்டாது. இன்று நிலைமை தலைகீழ். மொழிச் சிக்கல் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டதுபோல் தெரிகிறது. சேமிப்போ, யார் யாரோ எப்போதெப்போதோ கொண்டுவந்து போட்ட கோப்புகளின் குவியலாக இருக்கிறது.

மாதிரியைத் தனியாக நம்பினால் என்ன ஆகும் என்பதை 2023இல் நியூயார்க் நீதிமன்றம் உலகுக்குக் காட்டியது. ஏவியான்கா விமான நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தவரின் வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி எடுத்துக் கொடுத்த ஆறு தீர்ப்புகளைத் தங்கள் மனுவில் காட்டினார்கள். ஆறில் ஒன்றுகூட எந்த நீதிமன்றமும் வழங்கியதல்ல. நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். இதற்கு மருந்தாகச் சொல்லப்படும் முறை அதற்கு மூன்றாண்டு முன்பே வந்துவிட்டது. 2020இல் பேட்ரிக் லூயிஸும் ஃபேஸ்புக் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவை நூறு நூறு சொற்களாக நறுக்கி, ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் அதன் பொருளைக் குறிக்கும் ஓர் எண் வரிசையாக மாற்றி வைத்தார்கள். கேள்வி வந்ததும் அதையும் எண் வரிசையாக்கி, அதற்கு மிக அருகில் இருக்கும் சில துண்டுகளைத் தேடி எடுத்து, கேள்வியோடு சேர்த்து மாதிரியின் முன் வைக்கிறார்கள். மாதிரி தன் நினைவை மட்டும் நம்பாமல், முன்னால் இருக்கும் தாளைப் பார்த்து எழுதுகிறது. நறுக்குவது, தேடுவது, எழுதுவது என்ற இந்த மூன்று படிகள்தாம் இன்றைக்கு விற்கப்படும் பெரும்பாலான பொறிகளின் எலும்புக்கூடு. மேலே போர்த்தும் துணி கடைக்குக் கடை மாறும்.

இந்த மருந்து எவ்வளவு கேட்டது என்பதற்கு அளவீடுகள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024இல், அமெரிக்க வழக்கறிஞர்கள் காசு கொடுத்து வாங்கும் சட்ட ஆய்வுப் பொறிகளைச் சோதித்தார்கள். லெக்சிஸ், வெஸ்ட்லா ஆகிய இரண்டும் தலைமுறை தலைமுறையாகத் தீர்ப்புகளைத் தொகுத்து வகைப்படுத்தி வரும் நிறுவனங்களின் சரக்கு. இதைவிட ஒழுங்கான சேமிப்பு அத்துறையில் கிடையாது. அங்கேயும் 17 முதல் 33 விழுக்காடு பதில்களில் இட்டுக்கட்டு இருந்தது. முன்னேற்றம் இல்லை என்று சொல்ல முடியாது, பொது மாதிரியைவிடக் குறைவுதான். ஆனால் விளம்பரத்தில் சொன்னது போலப் பிழை ஒழிந்துவிடவில்லை. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2023இல் வந்த வேறோர் ஆய்வு, மேற்கோள் காட்டிப் பதில் சொல்லும் நான்கு தேடுபொறிகளை எடுத்துக்கொண்டது. பொறி எழுதிய வாக்கியங்களில் 51.5 விழுக்காட்டுக்குத்தான் அது காட்டிய மேற்கோள் முழு ஆதாரமாக இருந்தது. காட்டிய மேற்கோள்களிலும் நான்கில் ஒன்று, தான் ஒட்டியிருந்த வாக்கியத்தைத் தாங்கவில்லை. என்னை மிகவும் உறுத்துவது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. படித்தவர்கள் எந்தப் பதில்களைச் சரளமானவை, பயனுள்ளவை என்று மெச்சினார்களோ, அவற்றில்தான் மேற்கோள் துல்லியம் குறைவாக இருந்தது. பக்கத்தில் சிறு எண்ணைப் போட்டு நீல நிறத்தில் சுட்டி கொடுத்துவிட்டால் வாசகர் சோதிக்காமலே நம்பிவிடுகிறார். மேற்கோள் இருப்பதும் ஆதாரம் இருப்பதும் ஒன்றல்ல என்பது உரையாசிரியர்களைப் பயின்ற தமிழ் மாணவருக்குப் புதிய செய்தியும் அல்ல.

ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்க, நம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் ஆவணத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம்: 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும். ஒருவர் பொறியிடம், ‘மத்திய தகவல் ஆணையரின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு?’ என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுப்பில் மூன்று தாள்கள் இருக்கின்றன. முதலாவது 2005ஆம் ஆண்டின் மூலச் சட்டம். அதன் 13ஆம் பிரிவு ஆணையரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. இரண்டாவது 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். ஐந்து ஆண்டு என்ற சொற்களை எடுத்துவிட்டு, மத்திய அரசு வகுக்கும் காலம் என்று மாற்றுகிறது. இதில் எண்ணே கிடையாது. மூன்றாவது அதே ஆண்டு அக்டோபரில் வந்த விதிகள். அங்கேதான் மூன்று ஆண்டு என்று இருக்கிறது. ஆகவே இன்றைய விடை மூன்று ஆண்டு.

இப்போது தேடும் படி என்ன செய்யும்? கேள்வியில் ஆணையர், பதவிக்காலம், ஆண்டு என்ற சொற்கள் இருக்கின்றன. இவை மூன்றும் ஒரே மூச்சில், ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருவது 2005ஆம் ஆண்டுத் தாளில். அதுதான் கேள்விக்கு மிக அருகில் நிற்கும், முதலில் எடுபடவும் வாய்ப்பு அதிகம். திருத்தச் சட்டத்தின் வாசகமோ, இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் என்ற வெட்டி ஒட்டும் நடையில் இருக்கிறது. தனியாகப் படித்தால் மனிதருக்கே தலையும் வாலும் புரியாது. விதிகளின் நீண்ட தலைப்பில் பதவிக்காலம் என்ற சொல் வருகிறது. ஆனால் அந்தத் தலைப்பு முதல் துண்டில் தங்கிவிட, மூன்று ஆண்டு என்று சொல்லும் வரி வேறு துண்டில் விழுந்திருக்கலாம். முடிவில் மாதிரி முன் வைக்கப்படுவது 2005ஆம் ஆண்டின் 13ஆம் பிரிவு. அது ஐந்து ஆண்டு என்று எழுதும். பிரிவின் எண்ணையும் சுட்டும். மேற்கோள் உண்மையானது, வாக்கியம் அந்த மேற்கோளுக்கு நேர்மையானது, பதில் தவறு. இங்கே மாதிரி எதையும் இட்டுக்கட்டவில்லை. மாதிரியை மாற்றிப் பயனில்லை. அந்தத் தாளின் தலையில் ‘இப்பிரிவு 2019இல் திருத்தப்பட்டது, நடப்பு வாசகம் இன்ன இடத்தில்’ என்று ஒரு குறிப்பு இருந்திருந்தால் பிழை நடந்திருக்காது. அந்தக் குறிப்பை எழுதுவது பதிவறை எழுத்தரின் வேலை.

எண் வரிசைக்குப் பொருளின் நெருக்கம் தெரியும், காலம் தெரியாது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த முறை வளர்ந்து முதிர்ந்தபோது எந்தப் பொருளையும் ஐந்து அடிப்படைக் கூறுகளாகப் பிரித்துப் பார்த்தது. அவற்றுள் இடம் ஒன்று, காலம் ஒன்று. ஒரே நோயைப் பற்றிய இரு நூல்களை எந்த நாடு, எந்தக் காலம் என்பதைக் கொண்டே வேறு வேறு இடத்தில் வைக்க முடியும். பல நூறு எண்கள் கொண்ட வரிசை அந்தக் கூறுகளை எல்லாம் ஒன்றாகக் கரைத்துவிடுகிறது. நம் சட்டத்திலேயே இன்னொரு கண்ணி உண்டு. தனிப்பட்ட தகவல் பற்றிய 8(1)(ஞ) பிரிவை மாற்றும் திருத்தம், 2023 ஆகஸ்டில் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உள்ளே இருந்தது. நடைமுறைக்கு வந்ததோ 2025 நவம்பரில். இடைப்பட்ட இரண்டு ஆண்டும் அச்சாகிய சட்டம் ஒன்று, நடப்பிலிருந்த சட்டம் வேறொன்று. நிறைவேறிய நாளை மட்டும் குறித்துக்கொண்ட தொகுப்பு அந்தக் காலம் முழுவதும் தவறாகவே பதில் சொல்லியிருக்கும். நறுக்குவதிலும் இதே ஆபத்து. 7(1) பிரிவு தகவலை 30 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது. அதை அடுத்து வரும் வரம்புரை, ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதானால் 48 மணி நேரத்துக்குள் என்கிறது. சொற்களை எண்ணி நறுக்கும் கத்தி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், காவலில் இருக்கும் மகனைப் பற்றிக் கேட்ட தாய்க்கு ஒரு மாதம் காத்திருங்கள் என்று பதில் வரும்.

பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்குக் கனடாவில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. குடும்பத்தில் இறப்பு நேர்ந்ததால் அவசரமாகப் பயணம் செய்த ஒருவர், ஏர் கனடாவின் இணையதளத்திலிருந்த அரட்டைப் பொறியிடம் துக்கக் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். பயணத்துக்குப் பிறகும் 90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது பொறி. அதே பதிலில் ஒரு சுட்டி இருந்தது. அது போய்ச் சேர்ந்த பக்கத்தில், பயணம் முடிந்த பிறகு சலுகை இல்லை என்று எழுதியிருந்தது. அந்தப் பொறியின் உள்ளமைப்பு எதுவாகவும் இருக்கட்டும்; பதில் ஒன்று சொல்ல, மேற்கோள் வேறொன்று சொன்ன காட்சி நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. சுட்டியை அழுத்திப் பார்த்திருக்க வேண்டியது பயணி என்று நிறுவனம் வாதிட்டது. பொறியின் சொல்லுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வாதமும் வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் இரண்டையும் தள்ளியது. ஒரே தளத்தின் ஒரு பகுதியை நம்பலாம், மற்றொரு பகுதியை நம்பக் கூடாது என்று வாடிக்கையாளர் எப்படி அறிவார் என்று கேட்டது. சரியான தீர்ப்பு என்பது என் கருத்து. பொறியை வைத்தவரே அதன் பதிலுக்குப் பொறுப்பு என்றால், சேமிப்பை ஒழுங்குபடுத்தும் செலவை வாசகரின் தலையில் கட்ட முடியாது. (2024 மே மாதம் கூகுளின் தொகுப்புரை பீட்சாவில் பசை கலக்கச் சொன்னதும், தினம் ஒரு சிறு கல் தின்னச் சொன்னதும் நினைவிருக்கும். முதலாவது யாரோ கேலியாக எழுதியது, மற்றது ஒரு நையாண்டி இதழின் கட்டுரை. எடுத்த தாளைப் பொறி நாணயமாகத்தான் சொன்னது!)

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் வலுவானது தொழில்நுட்பர்களுடையது. தேடி எடுப்பதே பழைய காலத்து ஏற்பாடு, இன்றைய மாதிரிகள் ஒரே நேரத்தில் பல லட்சம் சொற்களைப் படிக்கும், முழுத் தொகுப்பையும் முன்னால் கொட்டிவிடலாமே என்கிறார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டின் நெல்சன் லியூவும் மற்றவர்களும் இதைச் சோதித்தார்கள். விடை இருக்கும் தாள் வரிசையின் தொடக்கத்திலோ முடிவிலோ இருந்தால் மாதிரி நன்றாகச் சொன்னது. நடுவில் இருந்தால் தடுமாறியது. இருபது, முப்பது தாள்களை வைத்த சோதனையில் ஜிபிடி-3.5, எந்தத் தாளும் தராதபோது சொன்னதைவிட மோசமாகச் சொன்ன இடங்கள்கூட இருந்தன. அது பழைய மாதிரி, இப்போதுள்ளவை எவ்வளவோ தேறிவிட்டன என்பார்கள், ஏற்கிறேன். ஆனால் நடுவில் கிடக்கும் தாளைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை, இரண்டு தாள்கள் முரண்படும்போது எது நடப்பு என்று அறிவது வேறு. மூன்று தாள்களையும் முன்னால் வைத்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தை நல்ல மாதிரி புரிந்துகொள்ளும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை, அதில் ஆண்டு எழுதியிருப்பதால். தேதியே இல்லாத சுற்றறிக்கை, கையெழுத்தாகாத வரைவு, வாய்மொழியாகக் கைவிடப்பட்ட நடைமுறை ஆகியவற்றை எந்த மாதிரி புரிந்துகொள்ளும்? தாளில் இல்லாத செய்தியை வாசிப்புத் திறன் வரவழைக்காது.

இரண்டாவது மறுப்பு வணிகர்களுடையது. சந்தேகம் வரும்போதெல்லாம் ‘விடை இல்லை’ என்று சொல்லும் பொறியை யார் வாங்குவார்கள்? இதில் உண்மை இருக்கிறது. அந்தச் சட்டப் பொறி ஆய்விலேயே ஒரு பொறி, பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு முழுமையான பதில் தராமல் நின்றது. அதை யாரும் கொண்டாடவில்லை. ஆனாலும் இல்லை என்று சொல்லப் பழக்குவது ஒரு தனிப் பயிற்சி, தானாக வருவதல்ல. ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2016இல் வந்த, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஸ்குவாட் என்ற சோதனைத் தொகுப்பில் எல்லாக் கேள்விக்கும் கொடுத்த பத்தியிலேயே விடை இருந்தது. ஆகவே ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும் என்று நிரல்கள் கற்றுக்கொண்டன. 2018இல் பத்தியில் விடையே இல்லாத 50,000க்கு மேற்பட்ட கேள்விகளைச் சேர்த்ததும் மதிப்பெண்கள் சரிந்தன. மேலும், வெறுமனே இல்லை என்பதற்கும், ‘2005ஆம் ஆண்டின் வாசகம் என்னிடம் இருக்கிறது, பின்னர் திருத்தப்பட்டதா என்பதைத் தொகுப்பு காட்டவில்லை’ என்பதற்கும் பெரிய தூரம் உண்டு. இரண்டாவது பதில் வாசகரைச் சரியான வாசலில் கொண்டுபோய் விடும். அப்படிச் சொல்லவும் அட்டவணை வேண்டும். எழுத்தரும் தவறு செய்வாரே என்பது மூன்றாவது மறுப்பு. செய்வார். ஆனால் அவர் எழுதிய குறிப்பு கோப்பில் நிற்கும். எந்தத் தாளைப் பார்த்தார் என்று கேட்கலாம். ஒருவரின் தவறு ஒரு மேசையோடு நிற்கும். ஒரு பொறியின் தவறு ஒரே நாளில் ஆயிரம் பேருக்குப் போகும்.

தமிழ் ஆவணங்களுக்கு வரும்போது சிக்கல் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன்னும், பல அலுவலகங்களில் அதற்குப் பின்னும், வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் ஏராளம். திரையில் அவை அழகான தமிழ். நகலெடுத்துப் பொறியிடம் கொடுத்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை, ஏனென்றால் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது அதுதான். இன்னொரு பங்கு ஆவணங்கள் ஒளிவருடிய படங்களாகவே கிடக்கின்றன. முத்திரை எழுத்தின்மேல் விழுந்த இடத்தில் எண் சிதையும். ஆணை எண் ஒன்றில் 3 என்பது 8 ஆகிவிட்டால் எந்தத் தேடலும் அந்த ஆணையைக் கண்டுபிடிக்காது. பொறியோ அப்படி ஓர் ஆணையே இல்லை என்று அமைதியாகச் சொல்லும். ஆணையரின், ஆணையர்களுக்கு, ஆணையரால் என்று வேற்றுமைகள் ஒட்டிக்கொண்டே போகும் மொழியில் சொல்லை வைத்துத் தேடுவதும் ஆங்கிலத்தைவிடக் கடினம். அதற்கு வேர்ச்சொல் பிரிக்கும் கருவிகள் வேண்டும். எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, எழுத்துணரிகளும் முன்னைவிட நன்றாகிவிட்டன. மாற்றிய பின் தேதியையும் ஆணை எண்ணையும் தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆள்தான் இல்லை. மதிப்பீட்டு அறிக்கைகளில் அந்த ஆளுக்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வேலையைச் செய்யச் சட்டமே சொல்லியிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் பதிவுகள் அனைத்தையும் முறையாக வகைப்படுத்தி, அட்டவணையிட்டு, கணினியில் ஏற்றத்தக்கவற்றைத் தன் நிதிவசதிக்கு உட்பட்டு நியாயமான காலத்துக்குள் ஏற்ற வேண்டும் என்கிறது. அதை அடுத்த பிரிவின்படி வெளியிட வேண்டிய விவரங்களுக்குச் சட்டம் கொடுத்த கெடு 120 நாள். இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அட்டவணை வேலை நடந்த அலுவலகத்தில் பதில் பொறியைச் சில வாரங்களில் நிறுவிவிடலாம். நடக்காத இடத்தில் எத்தனை கோடி கொட்டினாலும் அது 2005இலேயே நின்றுகொண்டிருக்கும். ஒப்பந்தப்புள்ளி கோர இருக்கும் துறைகளுக்கு என் யோசனை எளியது. முதலாண்டுப் பணத்தைப் பதிவறையில் போடுங்கள். ஆளெடுங்கள், ஒவ்வொரு தாளுக்கும் நடப்புக்கு வந்த நாள், ரத்தான நாள், எதைத் திருத்தியது, எதனால் திருத்தப்பட்டது என்ற நான்கு கட்டங்களை நிரப்பச் சொல்லுங்கள். அந்த எழுத்தர்களையே சோதனைக் கேள்விகளும் எழுதச் சொல்லுங்கள். தொகுப்பில் விடை இல்லாத கேள்விகள் அதில் கால்பங்காவது இருக்கட்டும். மாதிரியை இரண்டாம் ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் அதன் விலையும் இறங்கியிருக்கும்.